வங்கக் கடலை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

யாழ்ப்பாணத்துக்கு மழை கடலில் இருந்துதான் வருகிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழையே குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பங்கு. இங்கே மலை இல்லை, வற்றாத ஆறும் இல்லை. வழுக்கியாறுகூட மாரியில் மட்டும்தான் ஓடும். கிணற்றின் நன்னீர், காலபோக நெல், வெங்காயம் நடுகிற நாள், பருத்தித்துறையிலும் குருநகரிலும் படகு இறக்குகிற நாள் எல்லாமே அந்த மூன்று மாதத்தின் போக்கைப் பார்த்துத்தான் முடிவாகின்றன.

அந்த மழையைக் கொண்டுவரும் தாழமுக்கங்களில் பல, வங்காள விரிகுடாவின் தெற்கிலும் தென்கிழக்கிலும் பிறக்கின்றன. அங்கே மழைமானி வைக்க நிலம் இல்லை. இந்தியா போன்ற நாடுகள் நங்கூரமிட்டு விட்டிருக்கும் மிதவைகள் சில உண்டு, ஆனால் அவ்வளவு பெரிய கடலுக்கு அவை மிகக் குறைவு. கப்பல்கள் காற்றையும் அமுக்கத்தையும் அளந்து சொல்லும். தாழமுக்கம் என்று தெரிந்ததும் அவையும் விலகி வேறு வழியில் போய்விடும். அளவீடு அதிகம் தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் இடத்தில், மேலே சுற்றுகிற செய்மதிகளைத் தவிர அளப்பதற்கு அநேகமாக எதுவும் இருப்பதில்லை. கண்டத்தின் நடுவில் இருக்கும் ஊரைச் சுற்றி நாற்புறமும் நிலையங்கள் இருக்கும். குடாநாட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. விண்வெளி நிறுவனங்களின் வேலை மற்றப் பல ஊர்களைவிட எங்களுக்கு முக்கியமாவது இதனால்தான்.

நாசாவோ இஸ்ரோவோ எங்களுக்கு வானிலை சொல்வதில்லை. மழை வரும் என்று எச்சரிக்கிற பொறுப்பு கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களத்துடையது. வட இந்து சமுத்திரத்தின் சூறாவளிகளைக் கண்காணித்துப் பெயர் சூட்டி அயல் நாடுகளுக்கு அறிவிக்கும் பொறுப்பு புதுடில்லியிலுள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறையுடையது. விண்வெளி நிறுவனம் கருவியை வடிவமைக்கும், செய்மதியைக் கட்டும், ஏவும். அதன்பின் வானிலைத் துறை அதை நாளாந்தப் பயனுக்கு எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் நாசா கட்டி ஏவுவதை நோவா என்ற வானிலை, சமுத்திர நிறுவனம் இயக்குகிறது. ஐரோப்பாவில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் உருவாக்குவதை யூமெற்சற் என்ற வானிலைச் செய்மதி அமைப்பு இயக்குகிறது. இந்தியாவில் 2024 பெப்ரவரி 17இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் செய்மதியின் முழுச் செலவையும் அந்நாட்டின் புவி அறிவியல் அமைச்சு ஏற்றது. கட்டி ஏவியது இஸ்ரோ.

இந்தப் பிரிவினை நல்ல ஏற்பாடுதான் என்று நினைக்கிறேன். நாளைக்கு மழை பெய்யுமா என்ற அவசரம் இல்லாதவர்களால்தான் பத்து, இருபது வருடம் பொறுத்து ஒரு புதுக் கருவியை உருவாக்க முடியும். ஏயோலஸ் என்ற ஐரோப்பியச் செய்மதியைப் பாருங்கள். புற ஊதா லேசர் ஒளியைக் கீழே அனுப்பி, காற்று மூலக்கூறுகளிலும் தூசியிலும் பட்டுத் திரும்பும் ஒளியின் மாற்றத்தில் இருந்து காற்றின் வேகத்தை மட்டம் மட்டமாக அளப்பது அதன் நோக்கம். 1999இல் தெரிவுசெய்யப்பட்ட திட்டம் 2018 ஓகஸ்டில்தான் விண்ணுக்குப் போனது. லேசர் தந்த தொல்லை அவ்வளவு. போன பிறகு மூன்று வருடம் என்று கணக்கிட்ட ஆயுளைத் தாண்டி 2023 வரை வேலை செய்தது. அதன் தரவை ஐரோப்பிய வானிலை மையம் 2020 தொடக்கத்திலேயே நாளாந்த எதிர்வுகூறலுக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. நாளைய வானிலையை இன்றைக்கே சொல்ல வேண்டிய எந்த வானிலைத் துறையும் இருபது வருடம் காத்திருக்காது.

சரி, மேலே இருந்து என்னதான் பார்க்கிறார்கள்?

தொலைக்காட்சிச் செய்தியில் சுழலும் வெள்ளை முகிற்படம் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருந்து வருகிறது. அந்த உயரத்தில், மத்தியகோட்டுக்கு நேர் மேலே சுற்றும் செய்மதி பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போவதால் எப்போதும் ஒரே பரப்பைப் பார்த்தபடி இருக்கும். கிழக்கு நெடுங்கோடு 74, 82 பாகைகளில் இருக்கும் இந்திய இன்சாட் செய்மதிகள் எங்களுக்குக் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கின்றன. ஜப்பானின் ஹிமாவரி 140 பாகைக்கு அப்பால் நின்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை முழுப் படம் எடுக்கிறது. இலங்கை அதன் மேற்கு விளிம்பில், சரிவாகத் தெரியும்.

இந்தப் படங்களின் பெரிய பயன், அவை இடைவிடாமல் கிடைப்பதுதான். இரவிலும் அகச்சிவப்புக் கதிரில் முகிலின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அளக்கலாம். உச்சி குளிரக் குளிர முகில் உயரம். உயரமான முகில் பெரும்பாலும் வலுவான முகில். முகில் சுருளும் விதத்தை வைத்துச் சூறாவளியின் வலிமையை மதிப்பிடும் முறையை அமெரிக்கரான வேர்னன் டிவோராக் 1970களில் உருவாக்கினார். புயலுக்குள் விமானம் அனுப்பி அளக்கும் வழக்கம் வங்காள விரிகுடாவில் இல்லாததால் இன்றும் இங்கே அந்த முறைதான் முதன்மை.

ஆனால் அகச்சிவப்பில் தெரிவது முகிலின் கூரை மட்டுமே. கீழே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தின் மேல் பால் வெள்ளையாக முகில் மூடியிருக்கும், படத்தைப் பார்த்தால் கொட்டித் தீர்க்கிறது என்றே தோன்றும். வெளியே வந்து பார்த்தால் தூறல்கூட இராது. காற்றால் இழுபட்டு வந்த மெல்லிய மேல் முகில் அது, மழை பெய்வது நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கடலில். முகநூலில் ஒரு முகிற்படத்தைப் போட்டு ‘இன்று இரவு பேய்மழை’ என்று எழுதுகிறவர்கள் பிழைவிடும் இடம் பெரும்பாலும் இதுதான்.

முகிலுக்குள் பார்க்க நுண்ணலை வேண்டும். வளியில் இருக்கும் ஒட்சிசன் தன் வெப்பநிலைக்கு ஏற்ப மிக மெல்லிய நுண்ணலைக் கதிரை எப்போதும் வெளிவிட்டபடி இருக்கிறது. 50 முதல் 60 கிகாஹேட்ஸ் வரையான அதிர்வெண்களில் அதைப் பிரித்துப் பிரித்து அளந்தால் ஒவ்வொரு அதிர்வெண்ணும் வேறுவேறு உயரத்தின் வெப்பநிலையைச் சொல்லும். 183 கிகாஹேட்ஸுக்கு அருகே அளந்தால் நீராவி தெரியும். மேலே முகில் இருந்தாலும் இதற்குப் பெரிய தடை இல்லை. சூறாவளியின் நடுவே, மேல் மட்டத்தில், சுற்றியுள்ள வளியைவிடச் சூடான ஒரு பகுதி இருக்கும். அது எவ்வளவு சூடு என்பதை நுண்ணலைக் கருவி காட்டிவிடும், அதில் இருந்து புயலின் வலிமையைக் கணிக்கலாம். இத்தகைய கருவிகள் 36,000 கிலோமீற்றருக்குப் போவதில்லை. கதிர் அவ்வளவு மெல்லியது என்பதால் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும் செய்மதிகளில்தான் வைக்கிறார்கள். ஒரு செய்மதி ஓர் இடத்துக்கு மேலே நாளில் ஓரிரு தடவைதான் வரும். அதனால்தான் பல செய்மதிகள் தேவை.

இந்தக் குறையைத் தீர்க்க இஸ்ரோவும் பிரான்ஸின் சி.என்.ஈ.எஸ் நிறுவனமும் சேர்ந்து 2011 ஒக்ரோபரில் மேகா-ட்ரோப்பிக்ஸ் செய்மதியை அனுப்பின. துருவம் வரை போகாமல் மத்தியகோட்டுக்கு 20 பாகைச் சாய்விலேயே சுற்றியது. அதனால் வெப்பமண்டலத்தை நாளில் பல தடவை கடந்தது. எங்களைப் போன்ற இடங்களுக்காகவே திட்டமிட்ட செய்மதி என்று சொல்லலாம். நாசாவும் ஜப்பானிய விண்வெளி நிறுவனமான நாஸ்டாவும் (இன்றைய ஜாக்சா) 1997 நவம்பரில் அனுப்பிய ரி.ஆர்.எம்.எம் செய்மதி விண்வெளியில் இருந்து மழையை அளக்கும் ராடரை முதன்முதலில் கொண்டுபோனது. அதன் வாரிசான ஜி.பி.எம் 2014 பெப்ரவரியில் ஜப்பானின் தனேகாஷிமாவில் இருந்து ஏவப்பட்டது. மற்ற நாடுகளின் நுண்ணலைச் செய்மதிகள் தரும் மழை அளவை எல்லாம் அதன் ராடரோடு ஒப்பிட்டுச் சீராக்கி, அரை மணிக்கு ஒரு மழை வரைபடத்தை நாசா வெளியிடுகிறது. காசு கேட்பதில்லை, யாரும் எடுக்கலாம்.

காற்றின் கதை வேறு. கடற்பரப்பில் காற்று வீசும்போது சில சென்ரிமீற்றர் அளவான சிற்றலைகள் எழும். செய்மதியில் இருந்து சாய்வாக ராடர் அலையை அனுப்பினால், கடல் எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறதோ அவ்வளவு வலுவாகத் திரும்பும். வேறுவேறு கோணங்களில் பார்த்தால் வேகத்தோடு திசையும் கிடைக்கும். இஸ்ரோ இந்தக் கருவியை 2009இல் ஓஷன்சாட்-2இலும், 2016இல் ஸ்கேட்சாட்-1இலும், 2022 நவம்பரில் ஈ.ஓ.எஸ்-06இலும் அனுப்பியது. ஒரு தாழமுக்கத்தைச் சுற்றிக் காற்று வட்டமாக மூடிக்கொண்டதா, அதன் நடு எங்கே என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி ஆழ்கடலில் இல்லை. கரையை நெருங்கும்போதுதான் சிக்கல். நிலத்தில் பட்டுத் திரும்பும் அலை கடலின் அலையோடு கலந்துவிடுவதால் கரையோரப் பட்டியில் அளவீடு நம்பத்தக்கதாக இராது. இரு பக்கமும் கரை நெருங்கி நிற்கும் பாக்கு நீரிணையில் பயன்படும் பரப்பு சுருங்கிப்போகிறது. எங்கள் கடற்றொழிலாளர் அதிகம் போகிற கடல் அதுதான்.

இத்தனை அளவீடும் எப்படி எதிர்வுகூறலாகிறது? வளிமண்டலத்தைச் சிறுசிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெப்பநிலை, அமுக்கம், ஈரப்பதன், காற்று எவ்வளவு என்று தொடக்க நிலையை நிரப்பி, பெளதிக விதிகளின்படி கணினி முன்னோக்கி ஓட்டுகிறது. தொடக்கம் பிழைத்தால் முடிவும் பிழைக்கும். ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை மையம் தன் தொடக்க நிலையை அமைக்கப் பயன்படுத்தும் அவதானங்களில் 90 வீதத்துக்கு மேல் செய்மதிகளில் இருந்து வருபவை. போனில் நாங்கள் பார்க்கும் விண்டி போன்ற செயலிகள் வண்ண வண்ணமாகக் காட்டுவது பெரும்பாலும் அந்த மையத்தின் கணிப்பையோ அமெரிக்க நோவாவின் கணிப்பையோதான்.

செய்மதி எவ்வளவு மாற்றியது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சான்று தென் அரைக்கோளத்தில் இருக்கிறது. அங்கே பெரும்பகுதி கடல், நிலையங்கள் குறைவு. 1980களில் தென் அரைக்கோளத்துக்கான எதிர்வுகூறல் வட அரைக்கோளத்தைவிட மிகவும் பின்தங்கியிருந்தது. செய்மதிக் கதிர் அளவீடுகளை நேரடியாகக் கணினி மாதிரியில் சேர்க்கும் முறை வளர வளர, 2000ஆம் ஆண்டை ஒட்டி அந்த இடைவெளி கிட்டத்தட்ட மூடிவிட்டது. கடல்மேல் நிலையம் கட்டாமலே கடலின் வானிலை பிடிபட்டது. வங்காள விரிகுடாவை நம்பி இருக்கிறவர்களுக்கு இது சிறிய செய்தி அல்ல.

வயதானவர்கள் 64ஆம் ஆண்டுப் புயலைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். 1964 டிசெம்பர் 22, 23இல் வட இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயல் அது. பாம்பனில் இருந்து போன பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது. முதல் வானிலைச் செய்மதியான ரைரோஸ்-1ஐ நாசா ஏவியது 1960 ஏப்ரல் 1இல். ஆனால் 1964இல் வங்கக் கடலை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க ஒரு செய்மதியும் இல்லை, இருந்தவை அவ்வப்போது கடந்துபோனவை. இன்று அதே போன்ற புயல் ஒன்று ஐந்து, ஆறு நாளுக்கு முன்பே கணினித் திரைகளில் தெரிந்துவிடும்.

தெரிந்துவிட்டால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. 2020 டிசெம்பர் 2 இரவு திருகோணமலைக் கரையில் ஏறிய புரெவிச் சூறாவளி மன்னார் வளைகுடாவுக்குள் போனதும் நகராமல் நின்றது. நின்ற இடத்தில் இருந்தபடி யாழ்ப்பாணத்தை மழையில் நனைத்தது. 2024 நவம்பரில் வந்த பெங்கல் இன்னும் கடினமான பாடம். அது கிழக்குக் கரையோரம் மெதுவாக ஊர்ந்து வந்தபோது சூறாவளியாகுமா ஆகாதா என்ற கணிப்பு நாளுக்கு நாள் மாறியது. 29ஆம் திகதிதான் பெயர் சூட்டினார்கள், மறுநாள் புதுச்சேரி அருகே கரை கடந்தது. குடாநாட்டில் வெள்ளம் ஏறியது அதற்கு முன்பே. பெயர் இல்லாத தாழமுக்கம் என்றால் பயமில்லை என்று எங்கள் மக்கள் நினைத்துவிடுகிறார்கள் என்பது என் கவலை. காற்றின் வேகத்தை வைத்துத்தான் பெயர் சூட்டுகிறார்கள், வீட்டுக்குள் வருவதோ மழை வெள்ளம். மெதுவாக நகரும் தாழமுக்கம், வேகமாக ஓடிப்போகும் சூறாவளியைவிட அதிக மழையைக் கொட்டிவிட்டுப் போகலாம்.

இந்த இடத்தில்தான் விண்வெளியின் எல்லையும் தெரிகிறது. நாசாவின் மழை வரைபடத்தில் ஒரு கட்டம் ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் அகலம். பரப்பளவில் குடாநாடு முழுவதும் ஏறத்தாழ பத்துக் கட்டங்கள் அளவுதான். சாவகச்சேரியில் கொட்டும்போது ஊர்காவற்றுறையில் வெயில் எறிக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம், அந்த வரைபடத்துக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் எந்த ஊரில் மழை என்று சொல்ல, மழையையும் அதன் நகர்வையும் நிலத்தில் இருந்து அளக்கும் டொப்ளர் ராடர் வேண்டும். இலங்கையில் அந்தத் திட்டம் வருடக்கணக்காக இழுபட்டு வந்திருக்கிறது. பருத்தித்துறையில் இருந்து சுமார் 130 கிலோமீற்றர் தூரத்தில், கடலுக்கு அப்பால் காரைக்காலில் இந்திய வானிலைத் துறையின் ராடர் சுழல்கிறது. அதன் படம் இணையத்தில் பொதுவாகக் கிடைக்கும். மாரியில் விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் திறந்து பார்க்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா போன்றவர்கள் வடக்குக்கான நிலைமையைத் தமிழிலே விளக்கி எழுதுவதை இவ்வளவு பேர் எதிர்பார்த்து வாசிப்பதற்கும் காரணம் இருக்கிறது. உலக மாதிரி சொல்வதை எங்கள் குளம், எங்கள் கரை என்று இறக்கிச் சொல்ல ஆள் வேண்டும்.

வெள்ளம் வந்த பிறகும் செய்மதிக்கு வேலை உண்டு. 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி நாட்டைக் கடந்தபோது வெள்ளத்திலும் மலையக மண்சரிவிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இப்படியான நேரத்தில் முகிலுக்கு ஊடாகவும் இருட்டிலும் நிலத்தைப் படம் எடுக்கும் ராடர் செய்மதிகள்தான் எந்த ஊர் தண்ணீருக்குள் என்று காட்டுகின்றன. பேரிடரின்போது அந்தப் படங்களை இலவசமாகக் கொடுக்கும் பன்னாட்டுச் சாசனம் ஒன்றை ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் பிரான்ஸும் தொடக்கி வைத்தன, 2001இல் இஸ்ரோவும் சேர்ந்தது.

இலவசம் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்களிடம் சொந்தமாக வானிலைச் செய்மதி ஒன்றுகூட இல்லை. மற்ற நாடுகள் பகிர்வதால்தான் எங்களுக்குக் கிடைக்கிறது. உலக வானிலை அமைப்பு 1995இல் ஒரு தீர்மானமும் 2021இல் விரிந்த தரவுக் கொள்கையும் கொண்டுவந்து இந்தப் பகிர்வை நிலைநிறுத்த முயன்றிருக்கிறது. ஆனால் அது எந்நேரமும் சுருங்கக்கூடியது. 2025 ஜூனில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் டி.எம்.எஸ்.பி வானிலைச் செய்மதிகளின் நுண்ணலைத் தரவைச் சில நாட்களுக்குள் நிறுத்தப்போவதாக அறிவித்தது. சூறாவளியின் உள்ளமைப்பைப் பார்க்க உலகம் முழுவதும் பயன்படுத்திய தரவு. எதிர்ப்பு எழுந்த பிறகு முடிவை மாற்றினார்கள். ஐரோப்பாவின் சென்ரினல்-1பி ராடர் செய்மதி 2021 டிசெம்பரில் மின் கோளாறால் செயலிழந்தது. அடுத்தது விண்ணுக்குப் போக 2024 டிசெம்பர் ஆனது. ஒரு கருவி பழுதானால் அதன் இடம் நிரம்ப மூன்று வருடம்.

வானிலையைக் கணிக்கச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்துவிட்டன, இனிச் செய்மதி எதற்கு என்று கேட்கிறார்கள். அந்த மாதிரிகள் கற்றுக்கொண்டதே பல பத்தாண்டு அவதானத் தரவில் இருந்து, அதில் செய்மதியின் பங்கு மிகப் பெரியது. இன்று காலை வளிமண்டலம் எப்படி இருக்கிறது என்று யாராவது அளந்து கொடுக்காமல் அவற்றாலும் நாளையைச் சொல்ல முடியாது.

அளப்பதில் எங்கள் பங்கும் உண்டு. நாசாவின் மழைத் தரவு, சில மாதம் கழித்து, நிலத்து மழைமானிகளின் மாதாந்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டு மறுபடி வெளியாகிறது. ஜெர்மனியில் உள்ள உலக மழைவீழ்ச்சி மையம் நாடுகளின் வானிலைத் துறைகளிடம் இருந்து அந்த அளவைச் சேகரிக்கிறது. மழைமானி குறைந்த பகுதியில் செய்மதியின் பிழை திருத்தப்படாமல் அப்படியே தங்கிவிடும். நெடுந்தீவிலும் புங்குடுதீவிலும் வடமராட்சி கிழக்கிலும், ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர் என்று தெரிந்த ஒரு மாணவரால் ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு வாசித்து எழுத முடியும். பள்ளிக்கூட வளவில், மரத்துக்கும் மதிலுக்கும் தள்ளி, வெளியாக ஓரிடம் இருந்தால் போதும். அந்தப் பதிவை எடுத்து நாட்டின் அளவீட்டில் சேர்க்கும் வழியைத் திணைக்களமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஏற்படுத்த வேண்டும், அடுத்த மாரி தொடங்கும் முன்பே.